பருத்தியில் முதல் காய்ப்பைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி இது: "பருத்தி பச்சைப்பசேலென்று நெஞ்சுயரம் வளர்கிறது. சப்பையும் (பூமொட்டும்) நிறைய வைக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது. மருந்துக்கும் குறைவில்லை. விதைப்பிலிருந்து எடுப்பு வரை என்ன செய்தால் நோய் நொடியில்லாமல் நல்ல விளைச்சல் கிடைக்கும்?"

பருத்தி இயல்பில் பல ஆண்டு வாழும் செடி. நாம்தான் அதை ஒரு பருவப் பயிராக வளர்க்கிறோம். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்து, மேலே சுமக்கக் காயும் இல்லையென்றால் அது இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். முதலில் வைத்த காய்கள் செடியில் நின்றுவிட்டால் சத்து அங்கே இழுபடும், உயரம் தானாக அடங்கும். ஆகவே விளைச்சலைக் கூட்டுவது என்றால், முதல் ஐந்தாறு வாரப் பூவைக் காயாக நிறுத்திக்காட்டுவது என்றே பொருள். உரம், நீர், மருந்து என்று எதைச் செய்தாலும் அந்த முதல் காய்ப்பை அது காக்குமா, கெடுக்குமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

செடியின் நாட்கணக்கு தெரிந்தால் இது எளிது. விதைத்த 35 முதல் 40 நாளில் முதல் சப்பை தெரியும். அது பூவாக 20 முதல் 25 நாள் ஆகும். பூ காலையில் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ விரிந்து மறுநாள் இளஞ்சிவப்பாகும். அந்தப் பூ முற்றிய காயாகி வெடிக்க 45 முதல் 55 நாள். பொதுவாக ஐந்தாவது முதல் எட்டாவது கணுவுக்குள் முதல் காய்க்கும் கிளை கிளம்பும். அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை மேலே ஒரு புதுக் கிளை, ஒரே கிளையில் ஆறு நாளுக்கு ஒருமுறை அடுத்த சப்பை. தண்டை ஒட்டிய முதல் இடத்துக் காய்தான் பெரிது, பஞ்சின் தரமும் அதில்தான் அதிகம். கிளையின் நுனியை நோக்கிப் போகப்போகக் காய் சிறுக்கும், கொட்டுவதும் கூடும்.

செடி எண்ணிக்கை

விளைச்சலைக் கணக்காகப் பாருங்கள். 75 செ.மீ. வரிசை, 30 செ.மீ. செடி இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 44,444 குழி. அதில் 40,000 செடி தப்பி, செடிக்கு 15 காய், காய்க்கு 4 கிராம் என்றால் 2,400 கிலோ விதைப்பருத்தி, அதாவது விதை நீக்காத பஞ்சு. செடிக்கு இரண்டே காய் கூடுதலாக நின்றால் இன்னும் 320 கிலோ.

அதே 2,400 கிலோவை 120 × 60 செ.மீ. இடைவெளியில் எடுக்க வேண்டுமானால் 13,888 செடிதான் இருக்கும். ஒவ்வொன்றும் 43 காய் தாங்க வேண்டும். அத்தனை காய் வைக்கச் செடிக்கு நெடுநாள் ஆகும். பின்பருவக் காய்ப்புழுவும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் அந்த நீண்ட நாட்களில்தான் வந்து சேர்கின்றன. 90 × 15 செ.மீ. அடர்நடவில் 74,074 செடி. செடிக்கு 8 காய் போதும். மண் ஆழமற்றதாகவோ நீர் உறுதியற்றதாகவோ இருந்தால், படராத குட்டை ரகத்தை நெருக்கி விதைத்து விரைவில் முடிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கிளை விரித்துப் படரும் வீரிய ரகத்தை நெருக்கினால் காற்றும் வெளிச்சமும் உள்ளே புகாது. அடிக்காய் அழுகும், அடிச்சப்பை கொட்டும். இடைவெளியை ரகத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது இலையைத் தடவிப் பாருங்கள். இலையில் மயிர் அடர்ந்த ரகத்தைத் தத்துப்பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் வெள்ளை ஈ விரும்பும். உங்கள் நிலத்தில் எந்தப் பூச்சி வழக்கமாக முந்தி வருகிறதோ அதை வைத்து முடிவெடுங்கள்.

மண், விதைப்பு

ஆழமான, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். கார அமில நிலை 6 முதல் 8 வரை பிரச்சினையில்லை. ஓரளவு உவரையும் பருத்தி தாங்கும், முளைக்கும்போது மட்டும் தாங்காது. ஆணிவேர் நேராக இறங்குவதுதான் பின்னால் வறட்சியைச் சமாளிக்கும் பலம். பல ஆண்டு ஒரே ஆழத்தில் உழுது அடிமண் இறுகியிருந்தால் வேர் அங்கே முட்டி எல் வடிவில் மடங்கும். ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியிருந்தால் மண் காய்ந்திருக்கும்போது ஒருமுறை ஆழ உழவு போடுங்கள். கடைசி உழவில் ஹெக்டேருக்கு 12 டன் மக்கிய தொழுவுரம்.

மண்ணின் சூடு காலையில் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போது விதையுங்கள். குளிர்ந்த ஈரமண்ணில் ஊறும் விதையின் வேர்நுனி கருகும், நாற்றழுகலும் சேர்ந்துகொள்ளும். ஆழம் 3 செ.மீ. அதற்குமேல் புதைத்து, மழை பெய்து மேல்மண் இறுகினால் முளை கழுத்தொடிந்து உள்ளேயே நிற்கும்.

பஞ்சு ஒட்டிய சொந்த விதையாக இருந்தால் அமில நேர்த்தி செய்யுங்கள். கிலோவுக்கு 100 மி.லி. கந்தக அமிலம்; பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி, கையுறை, கண்ணாடி கட்டாயம். இரண்டு மூன்று நிமிடம் கிளறி விதை காப்பிக்கொட்டை நிறமானதும் நிறையத் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டி, நான்கைந்து முறை கழுவுங்கள். சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றினால் சூடேறி முளைப்பு கெடும், மேலேயும் தெறிக்கும். மிதக்கும் விதையைத் தள்ளிவிட்டு மூழ்கியதை நிழலில் உலர்த்தி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்து விதையுங்கள். கடையில் வாங்கும் வீரிய விதை பெரும்பாலும் நேர்த்தி செய்தே வரும். அதில் எந்த மருந்து பூசியிருக்கிறது என்று உறையில் படித்துக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாடுவாசியை, அதாவது முளைக்காத குழிகளை, பத்து நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். விதைக்கும் அன்றே சிறு பைகளில் கொஞ்சம் நாற்று போட்டுவைத்தால் அதே வயதுச் செடி கிடைக்கும். தாமதமாக ஊன்றியது பக்கத்துச் செடியின் நிழலில் நின்று, இடத்தை அடைத்துக்கொண்டு காய்க்காமல் போகும். 15 முதல் 20 நாளில் குழிக்கு ஒரு செடி விட்டுக் கலைத்துவிடுங்கள்.

முதல் 45 நாள், முடிந்தால் 60 நாள், களை இருக்கக்கூடாது. விதைத்த மூன்று நாளுக்குள் ஈரமண்ணில் பென்டிமெத்தாலின் 30 இ.சி. ஹெக்டேருக்கு 3.3 லிட்டர் தெளித்து, 35 முதல் 40 நாளில் ஒரு கைக்களையோ இடையுழவோ கொடுத்து மண் அணைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: 2,4-டி களைக்கொல்லி பயன்படுத்திய தெளிப்பானைப் பருத்திக்குத் தொடவே தொடாதீர்கள். கழுவிய பின்னும் உள்ளே ஒட்டியிருக்கும் சொற்ப அளவே இலையை விரல் விரலாகச் சுருக்கி, நரம்பை வெளுக்கச்செய்து, சப்பையைக் கெடுத்துவிடும். பக்கத்து வயலில் தெளித்ததன் சாரல் பட்டாலும் இதே கதிதான். பலர் இதை வைரஸ் நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள்.

உரம்

நூறு கிலோ விதைப்பருத்தி விளைய, பயிர் ஏறக்குறைய 6 முதல் 7 கிலோ தழைச்சத்தும், 2 கிலோ மணிச்சத்தும், 7 கிலோ சாம்பல்சத்தும் எடுக்கும். மண்ணில் இருப்பதைக் கழித்துக்கொண்டு, இறவையில் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து முறையே 80:40:40 கிலோ, வீரிய ஒட்டுகளுக்கு 120:60:60 கிலோ என்ற அளவில் தொடங்கி, மண் பரிசோதனைப்படி கூட்டிக் குறைக்கலாம். மணிச்சத்து முழுவதும் அடியுரம். தழைச்சத்தை விதைப்பு, 45ஆம் நாள், 60-65ஆம் நாள் என மூன்றாகப் பிரியுங்கள். சாம்பல்சத்தையும் அதனுடனேயே பிரித்துக் கொடுக்கலாம்.

தழைச்சத்தை இரண்டரை மாதத்துக்குமேல் தொடர்வதுதான் நெஞ்சுயரச் செடிக்கு முதல் காரணம். புதுத்தளிர் வந்துகொண்டே இருக்கும். அசுவினியும் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் அதைத் தேடிவரும். காய் வெடிப்பு தள்ளிப்போகும். சாம்பல்சத்தில் நடப்பது நேரெதிர், கொடுப்பது போதாது. காய்தான் அதை அதிகம் இழுக்கிறது. காய் நிறையப் பிடித்த செடியில் பற்றாக்குறை வந்தால் மேல் இலைகளிலேயே ஓரம் வெண்கல நிறமாகிக் கருகும். அடியிலை மட்டும் பார்த்துக் கணிப்பவர்களுக்கு இது பிடிபடாது. அந்த இலைகளில் ஆல்டர்னேரியா இலைப்புள்ளி சுலபமாகத் தொற்றி, செடி முன்கூட்டியே இலை உதிர்க்கும். பூக்கும் காலத்திலும் காய் பருக்கும் காலத்திலும் லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பது பலன் தரும்.

இலைக்காம்பில் கரும்பச்சை வளையங்கள் வரிவரியாகத் தெரிந்தால் போரான் குறைவு. இலை சிவப்பதற்கு ஒரே காரணம் கிடையாது. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் சிவந்தால் மக்னீசியம் குறைவு: லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு மஞ்சளாகிச் சிவந்தால் தத்துப்பூச்சி, இலையைத் திருப்பிப் பாருங்கள். இரவுக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் சிவக்கும், அதற்கு மருந்தில்லை.

தண்ணீரும் சப்பை உதிர்வும்

மொத்தம் 700 முதல் 1,300 மி.மீ. நீர் வேண்டியிருக்கும், காலநிலையைப் பொறுத்து. சப்பை வைக்கும் வரை கொஞ்சம் காயவிட்டுப் பாய்ச்சலாம், வேர் ஆழம் போகும். முதல் பூவிலிருந்து அடுத்த ஆறேழு வாரம் மட்டும் வாடவிடக்கூடாது, தேங்கவும்விடக்கூடாது. ஒரு பார் விட்டு ஒரு பார் பாய்ச்சுவது நீரையும் மிச்சப்படுத்தும், வேருக்குக் காற்றையும் கொடுக்கும். அடிக்காய் வெடிக்கத் தொடங்கி, மேலே எடுக்கத்தக்க கடைசிக் காய் முழு அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட உதிர்வுக்கு வருகிறேன். வைத்த சப்பையில் பாதிக்கு மேல் உதிர்வது பருத்தியின் சுபாவம். எல்லாவற்றையும் எந்தச் செடியும் தாங்காது. எப்போது உதிர்கிறது, எந்த இடத்தில் உதிர்கிறது என்பதுதான் கேள்வி. முதல் பூவுக்கு முன்னால் அடிக்கிளைகளில், தண்டை ஒட்டிய இடத்தில் உதிர்ந்தால் அது இழப்பு. பருவ முடிவில் உச்சியில் உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

உதிர்ந்ததைப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். புற இதழ்கள் விரிந்து, மஞ்சளித்து, துளையும் எச்சமும் இருந்தால் காய்ப்புழு. துளையில்லாமல் காய்ந்து விழுந்தால் செடியின் உள்நெருக்கடி: மூன்று நான்கு நாள் விடாத மேகமூட்டம், தேங்கிய நீர், கடும் வாட்டம், இரவிலும் இறங்காத வெப்பம், அல்லது நெருக்கத்தால் அடியில் வெளிச்சமின்மை. பூத்து ஐந்தாறு நாள் கழித்துப் பிஞ்சு மட்டும் கொத்தாக விழுந்தால், பூ விரிந்த அன்று காலை மழை பெய்ததா என்று நினைத்துப் பாருங்கள். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகும், கரு கட்டாது. காலையில் பூமேல் மருந்து தெளிப்பதும், தூவுநீர் பாய்ச்சுவதும் இதே கெடுதலைச் செய்யும். தெளிப்பை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் தாண்டிய காய் சாதாரணமாக உதிராது.

உள்நெருக்கடி உதிர்வுக்குச் சப்பைப் பருவத்திலும் அதற்கு ஒரு மாதம் கழித்தும் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை 40 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம் வினைப்பொருள், தெளிப்பது உதவும். காரணத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்பினால் பலன் சொற்பம்.

செடி மிதமிஞ்சி ஓடுகிறதா என்று அறிய உச்சியிலிருந்து நான்காவது ஐந்தாவது கணுக்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். 5 செ.மீ. என்றால் அளவான வளர்ச்சி, 7.5 செ.மீ.க்கு மேல் போனால் ஓட்டம். அப்போது வளர்ச்சியை அடக்கும் மெபிக்வாட் குளோரைடை உறையிலுள்ள அளவில் தெளிக்கலாம். வாடிநிற்கும் செடிக்குக் கொடுத்தால் முடங்கிவிடும். கையால் நுனி கிள்ளுவதானால் ரகத்தில் 15ஆம் கணுவுக்கு மேல், வீரிய ஒட்டில் 20ஆம் கணுவுக்கு மேல்.

இன்னொரு எண்ணிக்கை மிகவும் பயன்படும். தண்டை ஒட்டிய முதல் இடத்தில் அன்று விரிந்த வெள்ளைப் பூ எந்தக் கணுவில் இருக்கிறதோ, அதற்கு மேல் உச்சிவரை எத்தனை கணு என்று எண்ணுங்கள். பூக்கத் தொடங்கும்போது 8 முதல் 10 இருந்தால் நல்ல பலம். 6 என்றால் செடி ஏற்கனவே தவிக்கிறது, உடனே நீரையும் சத்தையும் பாருங்கள். நாளாக ஆக இது குறைந்து 5-ஐத் தொட்டால் காய்ப்பு முடிந்தது. அதன்பின் வரும் பூ எடைக்கு அதிகம் சேராது. அந்தப் பூக்களைக் காக்க உரமும் மருந்தும் செலவழிப்பது வீண்.

பூச்சியும் நோயும்

முதல் 60 நாள் சாறு உறிஞ்சிகளின் காலம். பாக்டீரியா மரபணு சேர்த்து உருவாக்கிய பி.டி. பருத்தி இவற்றைத் தடுக்காது. அதன் நஞ்சு காய்ப்புழுக்களுக்கு மட்டும். வாரம் ஒருமுறை 20 செடியில் மேல், நடு, அடி என மூன்று இலையைத் திருப்பி எண்ணுங்கள். தத்துப்பூச்சி இலைக்கு 2 குஞ்சு, இலைப்பேன் இலைக்கு 10, வெள்ளை ஈ இலைக்கு 5 முதல் 10 என்ற அளவைத் தொட்டால்தான் மருந்து. அதற்குமுன் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சிலந்தியும் வேலை செய்யட்டும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலுடன் தெளிக்கலாம். விதையில் இமிடாகுளோப்ரிட் பூசியிருந்தால் முதல் தெளிப்பு அதே வகையாக இருக்கக்கூடாது. ஒரே வகையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துத்தான் தத்துப்பூச்சி மருந்துக்கு அடங்காமல் போனது. ஃப்ளோனிகாமிட் போன்ற வேறு வகைக்கு மாறுங்கள். தொடக்கத்திலேயே சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, இரண்டு வாரத்தில் வெள்ளை ஈ பெருகும்.

காய்ப்புழுக்களில் இன்று கவனத்தைக் கோருவது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இந்தியாவில் இது பி.டி. பருத்தியின் இரண்டு மரபணுக்களையும் எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. முட்டையிலிருந்து வந்த புழு சிறிது நேரத்திலேயே காயைத் துளைத்து உள்ளே போய்விடும், துளையும் மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் பழுதில்லாமலே இருக்கும். ஆகவே அறுத்துத்தான் பார்க்க வேண்டும். பூக்கத் தொடங்கியதும் ஹெக்டேருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, அதிலுள்ள கவர்ச்சிக் குப்பியை மூன்று வாரத்துக்குள் மாற்றுங்கள். பொறிக்கு இரவுக்கு 8 அந்து வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தாலோ, இதழ் விரியாமல் முறுக்கிக்கொண்ட ரோசெட் பூ பத்து சதம் தெரிந்தாலோ, இரண்டு மூன்று வாரக் காய் இருபதை அறுத்ததில் இரண்டில் உயிருள்ள புழு இருந்தாலோ தெளிக்கும் நேரம் வந்துவிட்டது. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு அரை கிராம் அளவில் தரலாம். ரோசெட் பூக்களைக் கண்டவுடன் பறித்து நசுக்கிவிடுங்கள். முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா அட்டையைச் செடியில் கட்டினால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிமருந்து கூடாது.

வாடல் கண்டால் மருந்துக்கடைக்கு ஓடுமுன் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியமோ வெர்ட்டிசிலியமோ. அந்த நிலத்தில் சோளம் போன்ற தானியப் பயிரைச் சுழற்சியில் போட்டு, எதிர்ப்பு ரகத்துக்கு மாறுவதே வழி. இழுத்தவுடன் கையோடு வந்து, வேர்ப்பட்டை நாராக உரிந்தால் வேரழுகல். தண்டு உள்ளே சுத்தமாக இருந்து, காய் சுமந்த செடி வறட்சிக்குப்பின் பெய்த மழையிலோ பாய்ச்சலிலோ ஒரே நாளில் துவண்டால் அது திடீர் வாடல். கிருமி காரணமல்ல, வேருக்கு மூச்சுமுட்டல். உடனே நீரை வடித்து, சில மணி நேரத்துக்குள் கோபால்ட் குளோரைடு 10 பி.பி.எம். தெளித்தால், அதாவது 100 லிட்டருக்கு ஒரு கிராம், பல செடி மீளும். மறுநாள் என்றால் பலனில்லை. இலையில் நரம்புக்குள் அடங்கிய கோணப் புள்ளி பாக்டீரியா கருகல். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம்.

எடுப்பு

முழுதாக வெடித்த காயை மட்டும், பனி உலர்ந்தபின், உச்சிவெயிலில் சருகு நொறுங்கத் தொடங்குமுன் எடுங்கள். அடியிலிருந்து மேலே எடுத்துப்போனால் சருகுத்தூள் கீழ்ப்பருத்தியில் விழாது. கறைபட்டது, புழு தின்றது தனிப்பையில். பையும் தலைக்கட்டும் பருத்தித் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சாக்கு நார் கலந்தால் நூற்பாலையில் பிரிக்கவே முடியாது, சாயம் ஏற்றிய பிறகுதான் துணியில் தெரியும். ஈரம் 8 முதல் 10 சதத்துக்குள் வரும்வரை நிழலில் மெல்லிதாகப் பரப்பி உலர்த்தி அடையுங்கள். ஈரத்தோடு குவித்தால் சூடேறி மஞ்சளிக்கும், விதையின் முளைப்பும் போகும்.

கடைசி எடுப்பு முடிந்ததும் தண்ணீர் விட்டு மறுதாம்பு விடாதீர்கள், அதாவது பழைய செடியை மறுபடி காய்க்க விடாதீர்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு விதைக்குள்ளும் வெடிக்காத காய்க்குள்ளும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பருத்தி மாரை (எடுப்பு முடிந்து நிற்கும் செடித்தண்டை) வேரோடு பிடுங்கித் தூளாக்கி உழுதுவிடுங்கள். விறகுக்கென்று வரப்பில் அடுக்கினால் அடுத்த பருவத்தின் அந்துகள் அங்கிருந்தே கிளம்பும். அடுத்த விதைப்பு வரை நான்கைந்து மாதம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பருத்தியே இல்லாதிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2018-இல் இந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, பி.டி. பருத்தி, மலட்டு அந்து வெளியீடு ஆகியவற்றோடு மாரை அழிக்கும் கட்டாயமும் சேர்ந்தே அதைச் சாதித்திருந்தது. பக்கத்து வயல்காரரும் அதே வாரத்தில் மாரைப் பிடுங்குமாறு பேசிவையுங்கள். அவர் வயலில் ஒரு வரிசை நின்றாலும் அந்து உங்கள் பூவுக்குத்தான் வரும்.